அப்பா கையெழுத்திடாத படிக்கட்டு

எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். மூத்த மகள் என்ற முறையில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அழுது எழுத வேண்டிய கட்டுரை. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அப்பா வடமராட்சியில் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனாரை இழந்து, மாமன் வீட்டில் தங்கிப் படித்து, கிராமசபையில் ஓவசியராகச் சேர்ந்தார். வீடு கட்டுவோர் கொண்டுவரும் பிளானைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. அங்கே முதற்கேள்வி, கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம் என்பது. அயல்வீட்டுக் கிணற்றையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். மாடிப்படி அவருடைய மேசைக்கு வந்தது மிகக் குறைவு.

பின்னர் கொழும்பில் பிளான் கீறும் வேலை கிடைத்தது. வெள்ளவத்தையில் முதன்முதலாக ஒரு காணியை அளக்கப் போனபோது, பழக்கதோஷத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கட கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். பைப் தண்ணீரையே அறிந்த அந்தச் சிங்கள அம்மையார், பாவம் மனுசன் குளிக்கக் கேட்கிறாராக்கும் என்று நினைத்துத் துவாய் எடுக்க உள்ளே போனாராம். இந்தக் கதையை அப்பா சொல்லாத கலியாண வீடு இல்லை.

கொழும்பின் கேள்விகள் வேறு. வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது, பின்னால் எவ்வளவு வெளி விடுவது, எத்தனை மாடி, படி எவ்வளவு அகலம். அவையும் நிலையாக நிற்பதில்லை. நேற்றுக் கூடாதென்றது இன்று கூடும் என்றாகும். "சட்டம் ஊருக்கு ஊர் மாறும் பிள்ளை. ஆளின்ரை நீள அகலம் மாறாது" என்பார் அப்பா. எந்த மாடிவீட்டுக்குப் போனாலும் படியில் நின்று இரண்டு கைகளையும் விரித்து, சுவர் முட்டுகிறதா என்று பார்ப்பார். விருந்துக்குப் போன இடத்திலும் அதே வேலைதான். அம்மாவுக்கு மானம் போகும்.

நாங்கள் ஊரில் இருந்தோம். யுத்தம் வந்தபின் அங்கே சீமெந்துக்கே தடை. கட்ட வழியில்லாத ஊரில் கட்டட விதி எதற்கு? பங்கர் மட்டும் வெட்டினோம். அதற்கு ஒரு சட்டமும் இல்லை. லீவில் வந்த அப்பா அதன் வாசலிலும் கைகளை விரித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வெட்டச் சொன்னார்.

அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு முதலாளிக்கு மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை அப்பா கீறிக் கொடுத்தார். மூன்றாம் மாடி வரை நல்ல அகலமான படி. அதற்கு மேலே மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கப் போக ஓர் ஒடுக்கமான படி. சில ஆண்டுகளில் விதி மாறி, இன்னொரு மாடி கட்டலாம் என்றாயிற்று. முதலாளி மொட்டைமாடியில் வீடு கட்டினார். படியை மட்டும் தொடவில்லை.

"தண்ணி பாக்கப் போற படி இது. குடும்பம் ஏறி இறங்கிறதெண்டால் உடைச்சு அகட்டுங்கோ. இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார் அப்பா. முதலாளி வேறொருவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

நாங்கள் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தபோது வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. குடியிருக்க வருபவர்களைப் பொலிஸில் பதிய வேண்டும் என்றதும் பலர் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் அப்பா அந்த முதலாளியிடமே போனார். "ஓவசியர், நீங்கள் கையெழுத்து வைக்காத வீடுதான் காலியாக் கிடக்கு" என்றார் அவர். அப்பா கையை நீட்டி வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டார். கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தார்.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் அப்பா காலமானார். யுத்தத்தால் வடக்குப் பாதை பூட்டிக் கிடந்ததால் ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. பிரேதத்தை வைத்திருந்த மலர்ச்சாலையிலேயே கிரியையை முடிக்கலாம் என்றார்கள். முழங்கால் வருத்தத்தால் அம்மா கீழே இறங்கியே பல காலம். பெண்கள் சுடலைக்கும் போவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவராவிட்டால் அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது. கொண்டுவந்தோம்.

மூன்றாம் மாடிவரை பெட்டி எங்கும் முட்டாமல் வந்தது. ஒடுக்கப் படியின் வளைவில் நின்றுவிட்டது. "திரும்பாது அக்கா. நிமித்தித்தான் கொண்டு போகவேணும்" என்றார்கள் தூக்கியவர்கள். அப்பாவை நிமிர்த்தி வைப்பதா? தம்பி மாட்டேன் என்றான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மூன்றாம் மாடியில் இருந்த சிங்கள அன்ரி தன் வீட்டுக் கதவை இரண்டு பக்கமும் திறந்துவிட்டார். "துவ, இங்க கொண்டு வாங்க. இதுவும் மஹத்தயா கீறின வீடுதானே" என்றார். நான் அவருக்குத் துவ, மகள்; அப்பா மஹத்தயா, ஐயா. அங்கிள் ஹோலில் இருந்த கதிரைகளை வெளியே எடுத்தார். புத்தர் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கை அன்ரி அணைக்கவில்லை. அதன் கீழே எங்கள் ஐயர் கும்பம் வைத்தார்.

அம்மாதான் இறங்க வேண்டியிருந்தது. பிடிக்கப் போன எங்களை வேண்டாம் என்றார். இரண்டு பக்கச் சுவரிலும் உள்ளங்கைகளை ஊன்றி, படிப்படியாகத் தானே இறங்கி வந்தார். படி அகலமாக இருந்திருந்தால் அவருக்குச் சுவர்கள் எட்டியிரா. இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா வாய்க்கரிசி போட்டார். அப்பாவை அந்த அகலமான படியால் நால்வர் தோளில் சுமந்து இறங்கினார்கள்.

சமைத்துத் தந்த அயலவர்கள், கிருலப்பனையிலிருந்து வந்து எங்களோடு தங்கிய சித்தி குடும்பத்தினர், வரமுடியாமல் ஊரில் இருந்தே அழுத உறவுகள் யாவரையும் நன்றியோடு நினைக்கிறோம். தம் ஹோலைச் சாவீடாக்கத் தந்த அன்ரிக்கும் அங்கிளுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச்செலவு முடிந்த கையோடு முதலாளி மேசனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "அம்மா, படியை உடைச்சு அகட்டித் தாறன்" என்றார்.

"என்ரை முறை வரமுந்திச் செய்யுங்கோ" என்றார் அம்மா.

இதுவரை முன்பே எழுதி வைத்திருந்தேன். நேற்றுப் படி வேலை முடிந்தது. படியில் நின்று கைகளை விரித்துப் பார்த்தேன். சுவர் முட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.