ஹருயோவும் தொப்பி போட்ட பூனையும்

கூரை மாற்றிய வகையில் ஓடு வேய்கிற கஜிதானிக்கு ஹருயோ நாலு லட்சம் யென் கடன்பட்டிருந்தாள். வருஷம் பிறப்பதற்குள் தீர்க்காவிட்டால் கடையை எடுத்துக்கொள் என்று வாய்விட்டுச் சொல்லியும் இருந்தாள். சொன்னால் சொன்னதுதான். பதினாலு வயதில் ஆரஞ்சுக் கொட்டகையில் பெட்டி சுமந்து, ஒருத்தர் கையையும் எதிர்பாராமல் ஓனோகி ஸ்டேஷன் ஓரத்தில் கடை போட்ட பொம்பளை அவள். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

அவளுடைய மூவர்ணப் பூனை முகி, ஆளில்லாத டிக்கெட் ஜன்னலில்தான் எந்நேரமும் படுத்துக் கிடக்கும். ரயில் கம்பெனிக்காரர்கள் அதற்கொரு தொப்பி தைத்துப் போட்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கிவிட்டார்கள். சம்பளம், வருஷத்துக்கு வேண்டிய தீனி. ஆறு பேரோடு வந்துகொண்டிருந்த ரயிலில், பூனையைப் பார்க்க வந்த கூட்டத்தால் நிற்க இடமில்லாமல் போனது. ஹருயோவுக்கு விடிந்துவிட்டது என்றே ஊர் பேசிக்கொண்டது.

விடியவில்லை. பார்த்துவிட்டுப் போனவர்கள் ஊருக்குப் போய் ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பரிசு அனுப்பினார்கள். மீன் சீவல், கம்பளித் துணி, உறைக்குள் ஆயிரம் யென். பரிசு வந்தால் அதில் பாதி மதிப்புக்குத் திருப்பி அனுப்புவதுதான் அந்த நாட்டு முறை. ஹருயோ ஒன்றையும் விடவில்லை. கொல்லை மரத்தில் காய்த்த உமே என்கிற புளிப்புக் காயை உப்பில் ஊறப்போட்டு, புட்டியில் அடைத்து, ஒவ்வொருவருக்கும் அனுப்பினாள். தபால் செலவே அவளைத் தின்றது.

கஜிதானிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பூனைக்கு வந்த பரிசுக்குப் பூனைதானேக்கா பதில் மரியாதை செய்யணும்?"

"அதுக்குப் புட்டி மூடத் தெரியாது தம்பி. எனக்குத் தெரியும்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, இலையுதிர் காலத்தில் பணப்பெட்டியைத் திறந்தால் சில்லறைதான் சத்தம் போட்டது. கடையை ஒப்படைக்க வேண்டியதுதான் என்று அலமாரியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாள்.

அப்போது ஒஸாக்காவிலிருந்து ஒரு அம்மாள் கடிதம் போட்டாள். நீங்கள் அனுப்பிய ஊறுகாய் தீர்ந்துபோயிற்று, இன்னும் பத்துப் புட்டி வேண்டும், பணம் இதோடு இருக்கிறது என்று. ஹருயோ இரண்டு தரம் படித்தாள். இது பரிசு இல்லை, விலை. விலைக்குப் பாதி திருப்ப வேண்டியதில்லை. அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து நன்றாக மூச்சு விட்டாள். அடுத்த வாரம் முப்பது புட்டி கேட்டார்கள், அதற்கடுத்த வாரம் எழுபது. ருசி பார்க்கக் கொடுத்த புட்டிகள் ஊர் ஊராய்ப் போய் அவளுக்காக வியாபாரம் பேசியிருந்தன. பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் ஊறிய காயை விலைக்கு வாங்கிப் புட்டியில் அடைத்தாள்.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் கஜிதானி வந்தான். முகம் கொடுத்துப் பேசக்கூட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இன்னும் ஆறு மாசம் ஆனாலும் பரவாயில்லை என்று தொடங்கினான். ஹருயோ அவனை முடிக்க விடவில்லை.

"கையை நீட்டு தம்பி."

"உறைல போட்டுக் குடுக்கா. அதுதானே மரியாதை."

"உறைக்குள்ள போட்டா எனக்குச் சத்தம் கேக்காது."

அவன் உள்ளங்கையை விரித்தான். ஹருயோ விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, புத்தம் புதுப் பத்தாயிரம் யென் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.