மலைக்குப் போகும் லொறிக்கு நான் எடுத்த டயர்கள்

எங்கள் லொறிக்கு டயர் தெரிந்தெடுப்பது நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் டயரைப் பார்த்த உடனேயே வாசித்துவிடுவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

என் மகன் கொடிகாமத்தில் தேங்காய் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவான். வரும்போது கரட்டும் லீக்ஸும் ஏற்றி வருவான். எங்கள் பக்கத்து வீதி பாய் விரித்தது போலத் தட்டை. மலை அப்படியல்ல. மாரி தொடங்கினால் அங்கே குளிரும் பனிப்புகாரும். வீதி காயவே காயாது. ஒருமுறை அவனுக்குப் பக்கத்தில் இருந்து போனேன். ஒவ்வொரு வளைவிலும் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். பிள்ளையாரைக் கூப்பிட்டாலும் வீதியைப் பிடிப்பது டயர்தான் என்பது அன்றே விளங்கிவிட்டது.

போன ஐப்பசியில் மகன் மலையால் வந்து இறங்கிச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“அம்மா, ஒரு வளைவிலை வண்டி சறுக்கிப்போட்டுது. பிரேக் பிடிச்சன், நிக்கேல்லை. மதகுச் சுவரிலை முட்டித்தான் நிண்டது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளில் அவன் திரும்பவும் மலைக்குப் போக வேண்டும். அதற்குள் ஆறு டயரும் மாற்றியாக வேண்டும் என்றேன். அடுத்த நாள் காலை சாவகச்சேரியில் ஒரு டயர்க் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் லொறியின் பக்கத்தில் குந்தி இருந்து பார்த்தார். இரண்டு வருசத்துக்கு முன் நான் தெரிந்தெடுத்த டயர்கள்தான் அவை. வீதியைப் பிடிக்கும் வெட்டுகள் இன்னும் தேயாமல் ஆழமாகவே இருந்தன. ஆனால் வெட்டுகளுக்கு இடையிலும் பக்கங்களிலும் வெயில் காலத்துக் குளம் போல ரப்பர் வெடித்திருந்தது.

“தம்பி, நீர் அளவுக்கு மிஞ்சி ஏத்திறனீர் போலை,” என்றார் மகனிடம்.

மகன் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டான்.

“இல்லாட்டி நாள் முழுக்க வெய்யிலுக்கை விடுறனீர். ரயரைக் கெடுத்துப்போட்டீர்.”

அதற்கும் அவன் வாய் திறக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவனுக்குக் காரணம் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பேச்சு வாங்குகிறான்.

ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் லொறியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்போம். வாழைக்குட்டி கட்டுவோம். டயர் மங்கிப்போய் இருந்தால் எனக்குப் பொறுக்காது. நல்லெண்ணெயைத் துணியில் தோய்த்து ஆறு டயரையும் கறுகறுவென்று மினுங்கத் தேய்ப்பேன். அயலட்டையில் எங்கள் லொறி போல ஒன்று இல்லை என்று எனக்குப் பெரிய எடுப்பு.

தலை குனிவது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னேன்.

“அவனைப் பேசாதையும் தம்பி. எண்ணெய் பூசினது நான். வருசா வருசம் பூசைக்குப் பூசினனான்.”

கடைக்காரர் எழும்பி என்னைப் பார்த்தார். பிறகு கடை அதிரச் சிரித்தார்.

“ஆச்சி ரயருக்கு எண்ணெய் முழுக்கு வாத்திருக்கிறா! சீயாக்காயும் வைச்சனீங்களோ?”

காற்றடிக்க வந்து நின்றவர்களும் சிரித்தார்கள். எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும் என்று கடைக்காரர் விளங்கப்படுத்தினார். நான் சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

“சிரிச்சு முடிஞ்சுதெண்டால் ரயரைக் காட்டும்,” என்றேன்.

முதலில் கட்டை கட்டையாக வெட்டு வைத்த டயர் ஒன்றை உருட்டி வந்தார். “சுன்னாகத்துத் தோட்டக்காரச் சனம் எல்லாம் இந்த ரயரைத்தான் கேட்கிறது. எந்தச் சேத்திலையும் இழுக்கும்.”

“என்ரை பிள்ளை வெங்காயத் தோட்டத்துக்கை போகேல்லை. தார் றோட்டிலை போறான். கல்லும் சேறும் வேறை, நனைஞ்ச தார் வேறை. சுத்திவர நீட்டு வரி ஓடின ரயரைக் கொண்டாரும். தண்ணி உள்ளுக்கை நிக்காமல் ஓடிப்போக வேணும். குறுக்கையும் சின்னச் சின்ன வெட்டு இருக்க வேணும்.”

அவர் உள்ளே போனார். நான் கேட்டது போலவே ஆறு வந்தது. புதுக் கறுப்பு. மகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் ஒவ்வொன்றாக உருட்டச் சொல்லி, பக்கத்தில் பொறித்திருக்கும் நாலு இலக்கத்தைத் தேடினேன். முதல் இரண்டும் டயர் செய்த வாரம், மற்ற இரண்டும் வருசம். எனக்கு எழுத்துத்தான் சண்டித்தனம் செய்யும், இலக்கம் செய்யாது. ஆறில் மூன்று டயர்கள் ஆறு வருசத்துப் பழசு. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். கல்லுப் போல இருந்தது.

“இந்த மூண்டும் வேண்டாம்.”

“ஆச்சி, அது கடைக்குள்ளைதானே இருந்தது. ஒரு மைல் ஓடேல்லை.”

“குந்தி இருந்தாலும் வயசு போகும் தம்பி. என்னைப் பாரும்.”

இந்த முறை மகன்தான் முதலில் சிரித்தான். கடைக்காரர் குனிந்து இலக்கத்தைத் தானும் பார்த்தார். “மெய்தான்,” என்றார். தன் மற்றக் கடைக்குப் போன் பண்ணினார். புதிதாக மூன்று வரப் பகல் திரும்பிவிட்டது. வாங்குப் பலகையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி காத்திருந்தேன். எனக்கு அவசரம் இல்லை.

பூட்டும்போது வேலை செய்தவரிடம் கடைக்காரர் சொன்னார்: “நல்லாப் பூட்டு. ஆச்சி வந்து பாப்பா.” நானும் போய்ப் பார்த்தேன்.

மகன் சொன்ன நாளிலேயே தேங்காய் ஏற்றிக்கொண்டு போனான். நாலு நாளும் வானொலியில் மலையில் மழை என்றே சொன்னார்கள். ஐந்தாம் நாள் பின்னேரம் லொறி முற்றத்துக்கு வந்தது. லீக்ஸ் மூட்டை வாசம் வீடு முழுக்கப் பரவியது. நான் மூட்டையைப் பார்க்கவில்லை. நேரே முன் டயரடிக்குப் போய்க் குந்தி, வரிகளுக்குள் அகப்பட்டிருந்த சின்னக் கற்களை ஈர்க்கால் கிளறி எடுத்தேன்.

“அதே வளைவிலை ஒரு மாடு குறுக்கை வந்ததம்மா,” என்றான் மகன், கதவைச் சாத்திக்கொண்டே. “நல்ல மழை. பிடிச்ச இடத்திலை நிண்டுது.”

“நிக்கும்,” என்றேன். “ஆர் தெரிஞ்செடுத்தது?”