புஸ்வாணத்தைப் புரட்டிப் பார்க்காத வாரங்கள்

போன தீபாவளிக்கு முந்தைய பட்டாசு சீசனில், சிவகாசியில் என் வீட்டில் நடந்தது இது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி காலமாகிவிட்டாள். மகளும் மருமகனும் பேத்தியும் என்னோடுதான் இருந்தார்கள். வேலை மாறி சிங்கப்பூர் போனபோது, அவர்கள் வளர்த்த கினிப்பன்றியை என்னிடம் விட்டுப் போனார்கள். முயலைவிடச் சிறிய, வாலில்லாத, சாதுவான பிராணி. உச்சந்தலையில் முடி சிலிர்த்து நின்றதால் பேத்தி அதற்குப் புஸ்வாணம் என்று பெயர் வைத்திருந்தாள்.

கிளம்புமுன் மகள் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை பார்க்க வேண்டும். பல், நகம் பார்க்க வேண்டும். இது ஆண், வயதும் ஆகிவிட்டது. வயதான ஆண்களுக்கு ஆசனவாயை ஒட்டியிருக்கும் பை தளர்ந்து, புழுக்கை உள்ளே சேர்ந்து அடைத்துக்கொள்ளுமாம். புரட்டிப் பிடித்து, எண்ணெய் தொட்ட பஞ்சால் மெதுவாக இளக்கி எடுக்க வேண்டும். சிறுநீர் போகும் இடத்தில் முடியோ தூசோ சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரித்தாள். "ஆம்பளைக்கு ஆம்பளை என்ன வெக்கம்ப்பா?"

புல்லும் கொத்தமல்லியும் தவறாமல் வைத்தேன். அச்சகத்தில் கிடைக்கும் வெள்ளைத்தாள் சீவலை வாங்கி வந்து கூண்டில் விரித்தேன். புரட்டிப் பார்ப்பது மட்டும் என்னால் முடியவில்லை. அருவருப்பாக இருந்தது.

ஞாயிறுதோறும் மகள் வீடியோவில் வருவாள். "புஸ்வாணத்தைப் பாத்தீகளாப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. பார்த்தாச்சு என்பேன். எடை? அதே எடைதான். அப்புறம்தான், "நீங்க நல்லாருக்கீகளா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

அதற்குள் பேத்திக்குப் பாட்டு வகுப்பு வந்துவிடும். போன் அணைந்த பிறகு, அடுத்த ஞாயிறு வரை வீட்டில் நான் பேசுவது அந்தப் பிராணியிடம்தான். ஆனாலும், என்னை விட்டுவிட்டு அதை முதலில் விசாரிக்கிறாளே என்று உள்ளுக்குள் ஒரு கசப்பு. எழுபதைத் தாண்டியவனுக்குக் கினிப்பன்றி மேல் பொறாமை! எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சீசன் சூடு பிடித்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் பட்டாசு கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் புஸ்வாணம் மூலையில் போய் ஒடுங்கும். நாளடைவில் அது மூலையை விட்டு வரவே இல்லை. காலையில் என் காலடிச் சத்தம் கேட்டதும் கீச்சிட்டு வரவேற்பது நின்றுபோனது. கொத்தமல்லி வாடிக் கிடந்தது. வெடிக்குப் பயந்து கிடக்கிறது, தீபாவளி முடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். கூண்டிலிருந்து நாற்றம் வந்தது. தாளை மாற்றியதோடு சரி.

ஒருநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒரு வெடிச் சத்தம்கூட இல்லை. அப்போதும் அது அசையவில்லை. பதறிப்போய்க் கையில் எடுத்தேன். முடிக்குள் எலும்புதான் தட்டுப்பட்டது.

கூடையில் வைத்து விருதுநகர் பஸ் ஏறினேன்.

"கூடைக்குள்ள என்ன சார், முயலா?" என்றார் கண்டக்டர்.

"கினிப்பன்றி."

"பன்னியா! சோப்புப்பெட்டி தண்டி இருக்கு. இதுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா?"

பஸ்ஸே சிரித்தது. என்னால் முடியவில்லை.

கால்நடை மருத்துவர் ஒரு இளம்பெண். அதைப் புரட்டிப் பார்த்தார்.

"கடைசியா எப்பய்யா அடிப்பக்கம் பாத்தீக?"

வழக்கமான பொய் நாக்கு நுனி வரை வந்தது. "பார்த்ததே இல்லம்மா" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பை கல்லாக இறுகியிருந்தது. அதன் அடியில் சீழ் வைத்த புண். சிறுநீர் போகும் இடத்தில் தாள் சீவல் ஒன்று நூல்போலச் சுற்றியிருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகச் சுத்தம் செய்து, மருந்தும் ஊட்டுவதற்குச் சிரிஞ்சும் கொடுத்தார். "இதுக வலியைக் காட்டாதுய்யா. காட்டுற அன்னைக்கு ரொம்ப முத்திப்போயிருக்கும். அதுக்குத்தான் வாராவாரம் பாக்கச் சொல்றது."

கூழ் கரைத்து ஊட்டினேன். இரண்டு வாய் விழுங்கியது. மறுநாள் மதியம் என் மடியிலேயே அடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள், அதே கேள்வியோடு. எல்லாவற்றையும் சொன்னேன். எடை பார்த்ததாகச் சொன்னது பொய், புரட்டிப் பார்த்ததாகச் சொன்னதும் பொய் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் திரையை விட்டு விலகிப் போனாள். வெற்றுச் சுவர் மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. கோபமாகப் பேசுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டே இருந்தீகளே, அதுவும் இப்படித்தானாப்பா?"

மெல்ல, என் கால் வீங்கியிருப்பதைச் சொன்னேன். சர்க்கரை பார்த்து மாதக்கணக்காகிவிட்டது என்றேன். சாயங்காலத்தில் பேச்சுக்குரல் கேட்க வேண்டுமென்றே டிவியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன்.

நான் ஏங்கியது போலவே இப்போது அவள் முதலில் என்னைத்தான் விசாரிக்கிறாள். ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்ல நான் கற்றுக்கொள்வதற்குள், என்னை நம்பியிருந்த ஒரு வாயில்லா உயிர் தன் வலியைச் சொல்லாமலே போய்விட்டது.