தங்கதுரையின் கால்

செய்தி வந்தபோது நான் ஒரு காலுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தேன். அறுவை மேஜையில் படுத்திருந்தவர் மேலகரத்துக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. தொடையிலிருந்து கணுக்கால் வரை பழுப்பு மருந்தை இரண்டாம் தடவை பூசும்போது, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த நர்ஸ் பிள்ளை கதவை அரைவாசி திறந்து, "அக்கா, துரையண்ணன் போயிட்டாங்க" என்றாள். எங்கே போனார் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வந்தது. பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. மயங்கிக் கிடக்கிறவரை எழுப்பி, நாளைக்கு வாங்க என்று அனுப்ப முடியாது. மூன்றாம் தடவையும் பூசினேன்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், வாய் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நம் மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கதுரை ராயகிரிக்காரர். அண்ணன்மார் இருவர் போலீஸ், தம்பி பட்டாளம். "எங்க வீட்ல எல்லாரும் துப்பாக்கி பிடிக்காங்க, நான் ஒருத்தன்தான் கால் பிடிக்கேன்" என்பார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறொரு வழி வைப்பதுதான் பைபாஸ். அந்த வழிக்கு வேண்டிய ரத்தக்குழாய் பெரும்பாலும் காலிலிருந்து வரும். கணுக்காலின் உள்பக்கத்தில் தொடங்கித் தொடை வரைக்கும் தோலுக்கடியில் ஓடுகிற குழாய் அது. அதை எடுத்துவிட்டாலும் கால் சமாளித்துக்கொள்ளும். பெரிய டாக்டர் மார்பைத் திறக்கிற அதே நேரத்தில், கால்மாட்டில் நின்று அந்தக் குழாயை எடுத்துக் கொடுப்பது துரையின் வேலை. என்னுடைய வேலையும் அதுதான். நாங்கள் டாக்டர்கள் இல்லை, மருத்துவ உதவியாளர்கள். நோயாளிகள் அவரைக் கால் டாக்டர் என்பார்கள், அவரும் சலிக்காமல் திருத்துவார்.

நான் கேரளத்தில் வேலை பழகியவள். அங்கே தோலை நீளமாகத் திறந்து, குழாயைக் கண்ணால் பார்த்துப் பார்த்து எடுப்போம். துரை கேமரா முறை பழகியவர். முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு போடுவார். அதன் வழியாகக் கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்தபடியே கிளைகளை ஒவ்வொன்றாக அறுத்து, குழாயை வெளியே எடுத்துவிடுவார். என் முறையில் குழாய் அலுங்காமல் வரும், ஆனால் காயம் பெரிது, சீழ் பிடிக்கும் பயம் உண்டு. அவர் முறையில் காயம் சின்னது, ஆனால் குழாய் இழுபட்டுச் சேதமாகிவிடுமோ என்ற பயம் உண்டு. "கண்ணுக்குத் தெரியாத எடத்துல போயி கத்திய விடுதீங்க" என்று நான் சொல்வேன். "உங்க தையலப் பாத்தா சாக்கு மூட்ட தைச்ச மாதிரி இருக்கு" என்று அவர் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்களுக்குள் இதே சண்டைதான்.

ஒருமுறை சிவகிரிப் பக்கத்திலிருந்து நடவுக்குப் போகிற ஓர் அம்மா வந்தார். அன்றைக்குக் கால்மாட்டு வேலை என்னுடையது. துரை நேரே பெரிய டாக்டரிடம் போய், அந்தக் காலைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டு அறையில் வைத்துப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "நெஞ்சுத் தழும்ப சேலைக்குள்ள மறைச்சுக்கிடலாம் ஸ்டெல்லா. கால சேத்துக்குள்ளலா கொண்டு வைக்கணும் அந்தம்மா. நீங்க கிழிச்சா அடுத்த நடவுக்கு எறங்க முடியுமா?" முடியாதுதான். அதை அவர் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

சாரல் காலம் வந்தால் அவருக்குத் தலைவலியும் வந்துவிடும். பைபாஸ் முடித்து வீட்டுக்கு அனுப்பி வைத்த, சட்டை தைக்கிற தையல்காரர் ஒருவர், காயம் ஆறும் முன்னே குற்றாலத்துக்குப் போய் மெயின் அருவியில் நின்றுவிட்டு வந்தார். காலில் போட்டிருந்தது என் நீளத் தையல். மூன்று இடத்தில் விட்டுப்போயிருந்தது. "மூலிகைத் தண்ணிலா, புண்ணு சீக்கிரம் ஆறும்னு சொன்னாவ" என்றார் அந்த மனுசன். நான் கத்தினேன். துரை கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "அருவி எங்கயும் ஓடிப் போவாது அண்ணாச்சி, அடுத்த சாரலுக்கும் விழும். நீங்க இருக்கணும்லா?" என்றார். அது ஆறும்வரை கட்டுப் போட்டதும் அவர்தான். அதற்குப் பிறகு வீடு திரும்புகிற ஒவ்வொருவரையும், அருவிப் பக்கம் போக மாட்டேன் என்று வாயால் சொல்லவைத்துத்தான் அனுப்புவார்.

இப்படி இன்னும் எத்தனையோ சொல்லலாம். சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போடத்தான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

துரை விழுந்த அன்றைக்கு எனக்கு விடுப்பு. சுரண்டையில் எங்கள் கோயில் அசனம், ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. நான் சாம்பார் வாளியோடு நின்றேன். இங்கே பாவூர்சத்திரம் காய்கறி வியாபாரி ஒருவருக்கு பைபாஸ், கால்மாட்டில் துரை. அறுவை அரங்கப் பணியாளர் இசக்கி பிறகு என்னிடம் சொன்னது இது. கேமராவை உள்ளே விட்ட கொஞ்ச நேரத்தில் துரைக்கு வேர்த்துக் கொட்டியது. நெற்றியைத் துடைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். "என்னண்ணே பண்ணுது?" என்று இசக்கி கேட்டிருக்கிறான். "நெஞ்சு கரிக்கி. ராத்திரி தின்ன பரோட்டா. பேசாம இருலே" என்று பதில். குழாயை முழுசாக எடுத்து, கிளைகளைக் கட்டி, நீர் பாய்ச்சி ஒழுகுகிறதா என்று பார்த்து, பெரிய டாக்டர் கையில் கொடுத்தார். "நல்லா இருக்கு சார்" என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

பரோட்டாவாம்! நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவனெல்லாம் முதலில் பரோட்டா என்றுதான் சொல்வான், அதைக் கேட்டுத் தினமும் சிரித்தவர் அவர். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரிய டாக்டரே கால்மாட்டுக்கு வந்து மிச்சத்தை எடுத்திருப்பார். அவருக்குத் தெரியாத வேலையா இது? சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

தகவல் கேட்டு நான் வந்து சேர்ந்தபோது ஆஞ்சியோ முடிந்திருந்தது. இடப்பக்கத்துத் தலைக்குழாயிலேயே அடைப்பு, கீழே இன்னும் இரண்டு. ஸ்டென்ட் வைக்க வழியில்லை, திறந்துதான் ஆக வேண்டும். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனால் வழி தாங்காது என்றார் இதய மருத்துவர். நம்மிடம் இருப்பது ஒரே அரங்கு, இதயத்தை நிறுத்திவைத்துத் தைக்க ஒரே இயந்திரம். அதில் வியாபாரி கிடந்தார். துரை எடுத்துக் கொடுத்த குழாயைத் தைத்து முடித்து, அந்த இதயம் தானாக அடிக்கத் தொடங்கும்வரை துரை வெளியே ஸ்ட்ரெச்சரில் காத்திருக்க வேண்டும். உள்ளே யாரும் சுணங்கவில்லை. ஆனாலும் ஓர் இதயத்தை அவசரப்படுத்த முடியாது. நான் அவர் பக்கத்தில் நின்று திரையில் ஓடும் கோட்டையே பார்த்தேன். ஒவ்வொரு நிமிடமும் துரையின் இதயத்தில் கொஞ்சம் செத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கர்த்தாவே, கதவைத் திற என்று அன்றைக்கு நான் கெஞ்சியது போல எந்தக் கோயிலிலும் கெஞ்சியதில்லை.

"ஸ்டெல்லா" என்றார். குனிந்தேன். "கேமரா வேண்டாம். நீளமா கிழிச்சிருங்க."

"சும்மா கெடங்க. கேமரா எனக்கும் பழக்கந்தான்."

"நேரமாவும். நான் என்ன, நாத்தா நடப் போறேன்? வெரசா எடுங்க."

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். எல்லாருடைய காலையும் வீட்டுக்கு நடந்து போகிற காலாகப் பார்த்த மனுசன், தன் காலை அப்படிப் பார்ப்பதை விட்டுவிட்டார் என்று அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துபோனது.

கதவு திறந்ததும் உள்ளே கொண்டுபோனோம். மார்பிலிருந்தும் ஒரு குழாய் எடுப்பது வழக்கம், அதைப் பிரித்தெடுக்க நேரமில்லை. "எல்லாமே கால்லேருந்துதான். மூணு துண்டு வேணும்" என்றார் பெரிய டாக்டர். இடது காலைத் திறந்தேன். இத்தனை வருடம் நின்றே வேலை செய்த கால். குழாய் புடைத்து, முறுக்கிக்கொண்டு, எதற்கும் ஆகாமல் கிடந்தது. வலது காலுக்கு மாறினேன். அங்கே கணுக்காலில் நூலாகத்தான் இருந்தது, தொட்டதும் இன்னும் சுருங்கியது. "ஸ்டெல்லா, வருதா?" என்றார் டாக்டர். "வருது சார்" என்றேன். வரவில்லை. மேலே மேலே கிழித்துக்கொண்டே போனேன். முழங்காலைத் தாண்டினேன். யாரோ என் கண்ணைத் துடைத்துவிட்டார்கள். முழங்காலுக்குச் சற்று மேலே குழாய் பருத்தது, அங்கிருந்து கவட்டை வரை நன்றாக ஓடியது. மூன்று துண்டுக்குச் சரியாகப் போதும், ஒரு விரற்கடை மிச்சமில்லை. அலுங்காமல் எடுத்தேன். கொடுத்தேன். பிறகு உட்கார்ந்து, இடது காலை மூடிவிட்டு, கவட்டையிலிருந்து கணுக்கால் வரை அந்த வலது காலை நானே தைத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு தையல் போட்டதில்லை.

மூன்று குழாயிலும் ரத்தம் நன்றாகப் பாய்ந்தது. அதில் குறையே இல்லை என்று பெரிய டாக்டர் என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார். பாய்ந்து என்ன? அதற்குள் இதயத்தில் பாதி போயிருந்தது. இதயத்துக்குத் துணையாகப் பலூன் வைத்தார்கள், மருந்தைக் கூட்டினார்கள், சுவாச இயந்திரத்தை எடுக்க முடியவில்லை. நான் தினமும் காலையில் போய்க் கட்டைப் பிரித்தேன். கால் ஆறிக்கொண்டு வந்தது. சீழ் இல்லை, வீக்கம் இல்லை, ஓரங்கள் ஒட்டி, காய்ந்து, அவ்வளவு நேர்த்தி. மேலே இதயம் நாளுக்கு நாள் இறங்கியது, கீழே கால் ஆறியது. ஒருநாள் கண்ணைத் திறந்து தன் காலைப் பார்த்தார். வாயில் குழல் இருந்ததால் பேச முடியவில்லை. சாக்கு மூட்டை என்று சொல்ல நினைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மறுநாள்தான் அந்த நர்ஸ் பிள்ளை கதவைத் திறந்தது.

பாவூர்சத்திரம் வியாபாரி நன்றாக இருக்கிறார். வார்டில் நடக்கிறார். துரை போனதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை, என்னால் சொல்லவும் முடியாது.

அன்றைக்கு அந்தத் தபால்காரரின் ஆபரேஷன் முடிந்ததும் ராயகிரிக்குப் போனோம். நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். போலீஸ்கார அண்ணன்மார் இருவரும் வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கோடித் துணி போர்த்த வேட்டியை விலக்கியபோது, அவருடைய மனைவி அந்தக் காலைப் பார்த்துவிட்டார். கண்ணீரில்லாமல் என்னிடம் திரும்பினார்.

"அவுக சின்னதாத்தான வெட்டுவாக. இத யாரு இம்புட்டு நீளத்துக்குக் கிழிச்சது?"

"நான்தான்க்கா."

"நீதான் ஸ்டெல்லாவா? வீட்ல சொல்லிக்கிட்டே இருப்பாக. ஸ்டெல்லா தைச்சா பிரியாதும்பாக." என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரிஞ்சிருச்சாம்மா?"

"இல்லக்கா. கால் நல்லா ஆறிருச்சு."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் என் கையை உதறிவிட்டுத் துரைமேல் விழுந்தார். "கால் ஆறிருச்சாம்லா! கேட்டியளா, கால் ஆறிருச்சாம்! எந்திரிங்க! எந்திரிச்சு நடங்க!" என்று அந்த இரண்டு பாதங்களையும் பிடித்து உலுக்கினார். யாராலும் அவரைப் பிரிக்க முடியவில்லை. நான் பிரிக்கப் போகவும் இல்லை.

துரையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஆறிய கால் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?