எட்டுப் பேர் பாரம்

வண்டி நிற்பதற்குள் இனாயத் கோணியை உதறிப் போட்டு அதன் அடியில் நுழைந்துவிட்டார். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டும். மயிலாப்பூரில் ஜீப் வைத்திருந்தவர்கள் அந்தப் பாதங்களோடு பேசிப் பழகியவர்கள். வலது கட்டைவிரல் ஆடினால் சேதி நல்லது. ஒரு பாதத்தின்மேல் மற்றது ஏறிக்கொண்டால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு டிராமில் வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

நாற்பத்தெட்டாம் வருஷம். சண்டை முடிந்து ராணுவம் ஏலத்தில் தள்ளிய ஜீப்புகள் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. லஸ்ஸுக்கு மேற்கே ஒரு தகரக் கொட்டகையில் அவற்றுக்கு வைத்தியம் பார்த்தார் இனாயத். நாற்பது வயது, ஒடிசலான உடம்பு. காது மடலில் எப்போதும் ஒரு துளி அத்தர்ப் பஞ்சு இருக்கும். பெட்ரோல் வாடையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது மனைவி ஜைதூன் பீயின் உத்தரவு. அளவுகோலை அவர் நம்பமாட்டார். எதையும் விரலால்தான் அளப்பார். "ஸ்கேலு இரும்பு. அதுக்கு இன்னா தெரியும், தொட்டா சூடா கீதா, ஆடுதான்னு?" என்பார்.

அன்று வந்த ஜீப் அபிராமபுரம் டாக்டர் நீரஜாவுடையது. வேளச்சேரி ஏரிக்கரை, அதற்கப்பால் பாதையே இல்லாத குப்பங்கள் என்று பிரசவம் பார்க்கத் தானே ஓட்டிப் போகிறவர். முந்தின வாரம் ஒரு பனங்கட்டை வண்டியின் வயிற்றில் இடித்துவிட்டது. பின் அச்சின் நடுவே பூசணிக்காய்போல் தொங்குமே ஓர் உருண்டை, டிபரன்ஷியல், அதன் முதுகை மூடியிருந்த தகரம் உள்ளே நசுங்கி, பற்சக்கரம் அதைக் கிழித்து, எண்ணெய் முழுக்க மணலில் வடிந்துபோயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்து போய்ப் பிரசவம் பார்த்தார் நீரஜா.

அவருடைய சித்தி பிள்ளை சங்கரன் கிண்டியில் பழைய இரும்பு விற்கும் இடத்தில் தேடிப் பிடித்து, பெரிய லாரி ஒன்றின் வார்ப்பிரும்பு மூடியைக் கொண்டுவந்திருந்தான். "பாய், பீரங்கி மேல ஏறினாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை கூட ஏத்திண்டா, வண்டி உசந்துடும். அடியில எடமும் கெடைச்சுடும்."

பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"வாணாங்க. ஸ்பிரிங்க ஏத்தினா வண்டி கல்லு மாதிரி ஆய்டும். பின்னால இன்னா, நெல்லு மூட்டையா ஏத்தப் போறீங்கோ? புள்ளத்தாச்சிங்கோ பட்த்துகினு வர்ற வண்டி. கம்பெனி போட்ட ஸ்பிரிங்கு அப்டியே கெடக்கட்டும். அதுக்கு ஏத்த மூடி நான் அட்ச்சித் தரேன்."

நீரஜா சங்கரனைப் பார்த்தார். வார்ப்பு மூடி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

கால் அங்குல இரும்புத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி மூன்று நாள் அடித்தார் இனாயத். கல் இடித்தால் வழுக்கிப் போகும்படி மேலும் கீழும் உதடுபோல ஒரு விளிம்பு விட்டார். பூட்டிய பின், மேல் விளிம்புக்கும் அதன் அருகே தொங்கும் பிரேக்கின் ரப்பர்க் குழாய்க்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்தார். ஒரு விரல் தாராளமாக நுழைந்தது. கட்டைவிரல் ஆடிற்று.

மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஐப்பசியில் அடைமழை. வேளச்சேரியில் தங்கபுஷ்பம் என்ற பெண்ணுக்கு வலி கண்டு ஒரு நாள் முழுக்க ஆகியும் குழந்தை வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நீரஜா அவளை ஜீப்பில் படுக்க வைத்தார். கணவன், மாமியார், நாத்தனார் என்று சொந்தமும் தொற்றிக்கொண்டதில் வண்டியில் எட்டுப் பேர். கரையிலிருந்து இறங்கும் சரிவில் பிரேக்கை மிதித்தார். கால் தரைவரை போயிற்று. எப்படியோ வண்டியை வயலுக்குள் திருப்பினார். சேற்றில் புதைந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. அரை மணி கழித்து ஜீப்புக்குள்ளேயே பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் மாடு பூட்டி வண்டியைக் கொட்டகைக்கு இழுத்து வந்தார்கள். "பிரேக்ல மழைத் தண்ணி பூந்துடுத்து போல இருக்கு. கொஞ்சம் பாருங்கோ பாய்" என்றார் நீரஜா.

இனாயத் அடியில் போனார். பிரேக் குழாய் கத்தியால் கீறினதுபோல் அறுந்து கிடந்தது. அவர் விட்ட மேல் விளிம்பில் ஓரிடம் தேய்ந்து வெள்ளிபோல் மின்னியது. புரிந்துவிட்டது. அவர் அளந்தது காலி வண்டியில். எட்டுப் பேர் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி, அச்சு மேலே வந்து, குழாய் வளைந்து விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்திருக்கிறது.

வேறு குழாய் மாட்டி, விளிம்பை அரத்தால் இழைத்துவிட்டால் பத்து நிமிஷ வேலை. அந்த இடத்தைப் பார்க்க இன்னொருவர் அங்கே படுக்கப் போவதில்லை. பாதங்கள் வெகுநேரம் அசையவே இல்லை.

பிறகு வெளியே வந்தார். எழுந்து நின்று நீரஜாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "மழை இல்ல டாக்டரம்மா. நான்தான். மூடி பைப்ப அறுத்துட்ச்சி. காலி வண்டில அளந்தேன். ஆளுங்க ஏறுவாங்கன்னு ரோசிக்கல."

சங்கரன் கத்தினான். "எட்டு உசிரு பாய்! இல்லே, ஒம்பது!"

நீரஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் கடைசியில். "சரி, இப்போ என்ன பண்ணணும், சொல்லுங்கோ."

"மூடிய மறுபடி அடிக்கணும். இந்த தபா எட்டு பேரு வண்டில குந்திகினு இருக்கணும்."

அப்படித்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நீரஜா ஏறி உட்கார்ந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சங்கரன் ஏறினான். எதிர்ச்சாரிக் கடைகளிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். எட்டாவது ஆளுக்கு இனாயத் வீட்டுக்கே சொல்லி அனுப்பினார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜைதூன் பீ வந்து, பின்னால் ஓரமாக நீரஜாவின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். மோட்டார் வண்டியில் அவள் ஏறுவது அதுதான் முதல் தடவை.

"குதிங்கோ!" என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் உட்கார்ந்தபடியே குதித்தார்கள். ஜைதூன் பீ மட்டும் குதிக்கவில்லை. "இன்னாங்க இது அக்குறும்பு" என்றாள். நீரஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். துப்பட்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

மூன்று முறை மூடியைக் கழற்றி, மேல் விளிம்பைப் பிறை வடிவில் வெட்டி வெட்டி மாட்டினார் இனாயத். கடைசியில் எட்டுப் பேர் குதித்தபோதும் விளிம்புக்கும் புதுக் குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது.

"இறங்க வேண்டாம், ஓட்டிப் பார்த்துடலாம்" என்று நீரஜா முன்னால் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டி சாந்தோம் பக்கம் திரும்பிற்று. வேண்டுமென்றே குழிகளில் விட்டு ஓட்டினார். கடல் தெரிந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இனாயத் மட்டும் பின் பலகைமேல் குப்புறக் கவிழ்ந்து, பாதி உடம்பு வெளியே தொங்க, அச்சையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜைதூன் பீயும் கடலைத்தான் பார்த்தாள். பார்வையை எடுக்காமலே கையை நீட்டி, புருஷனின் சட்டை நுனியைப் பிடித்து, முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.