போன அடியும் வந்த அடியும்

கால் தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்ற தலைக்கனம் அப்போது எனக்கு நிறைய இருந்தது. இலங்கையில், தெல்தோட்டைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. கண்டித் தபால் கந்தோருக்குப் பை கொண்டுபோகும் ஓட்டக்காரனைத் தேர்ந்தெடுப்பதும் என் பொறுப்புதான். பதினைந்து மைலுக்குக் குறையாத மலைப்பாதை. விடிந்ததும் கலஹா வழியாக இறங்கி ஓட வேண்டும். பொழுது சாய்வதற்குள் தோட்டத்துத் துரையின் கடிதங்களோடு அதே மலையை ஏறி வந்து சேர வேண்டும். வாரத்தில் மூன்று நாள் இப்படி. அதைத் தாங்கப்போகிறவன் யார், ஒரே மழைக்காலத்தில் படுத்துவிடப்போகிறவன் யார் என்று நான் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

என் முறை இதுதான். மழை ஓய்ந்த காலையில் ஆட்களைக் கோப்பி ஸ்டோர் வாசலிலிருந்து கீழே ஓடை வரை ஓடவிடுவேன். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து குனிந்து சேற்றுத் தடங்களைப் பார்ப்பேன். பெருவிரல் ஆழமாகப் பதிந்திருந்தால் ஓட்டக்காரன். குதிங்கால் பதிந்திருந்தால் சுமைகாரன். "கணக்கப்பிள்ளை ஐயா காலுக்குச் சாதகம் கணிக்கிறாரு" என்று கோப்பி பறிக்கும் பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவேன். பத்து வருடம் ஓடுவான் என்று நான் அடித்துச் சொன்ன ஒருவன், பத்தாம் நாளே பையை மரக்கிளையில் மாட்டிவிட்டுக் காணாமல் போனான். அந்தக் கதையை மட்டும் யாரும் என் முன்னால் எடுக்கமாட்டார்கள்.

பழைய ஓட்டக்காரர் ஊருக்குத் திரும்பியபோது இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவன் எங்கள் தோட்டத்து ஆள், நெடுநெடுவென்று வளர்ந்தவன். மற்றவன், வேலை தேடி இந்தியாவிலிருந்து தோணியில் வந்திறங்கி, கடற்கரையிலிருந்து நடந்து வந்த கூட்டத்தில் இருந்தவன். கட்டைகுட்டையான உடம்பு, இருபது வயதிருக்கும். அவனுடைய அக்கா வரும் வழியில் காய்ச்சல் கண்டு, எங்கள் ஆட்கள் குடியிருக்கும் லயத்து அறை ஒன்றில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். கூட்டிவந்த கங்காணியோ நான்கு நாளில் கூட்டத்தோடு பதுளைப் பக்கம் புறப்படுகிறார். எங்கள் தோட்டத்தில் அப்போது வேறு வேலைக்கு ஆள் எடுக்கவில்லை. தபால் வேலை கிடைத்தால் அவன் அக்காவோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால், அவளை முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு நடக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஓட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தேன்.

இருவரையும் ஓடவிட்டேன். நெட்டையன் பறந்தான். இவன் சின்னச் சின்ன அடி வைத்து வெகுவாகப் பின்தங்கினான். தடத்தைப் பார்த்தால் அடிக்கு அடி குதிங்கால் குழி.

"நீ செமை தூக்குற ஆளுப்பா. ஓட்டத்துக்கு ஆக மாட்ட" என்றேன்.

"எறக்கத்துல இம்புட்டுத் தூரம் யாரு வேணும்னாலும் ஓடுவாங்கய்யா. கண்டி வரைக்கும் விட்டுப் பாருங்க" என்றான்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று எரிந்து விழுந்தேன். வேலை நெட்டையனுக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடியலில் நெட்டையன் பையோடு புறப்பட்டான். பத்தடி பின்னால் இவனும் வெறுங்கையோடு புறப்பட்டான்.

"நீ எங்கடா போற?"

"சும்மாதாங்கய்யா. பாதை எல்லாருக்கும் பொதுதானுங்களே."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் தடுத்து நிறுத்த ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அன்று மழை இல்லை. சாயங்காலம், கோப்பி காயப்போடும் களத்தின் ஓரத்தில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வளைவில் முதலில் தெரிந்தவன் இவன். தபால் பை அவன் தோளில் இருந்தது.

"கலஹாவுல அண்ணனுக்குக் கால் புடிச்சிக்கிச்சுங்க. மெல்ல வர்றாரு. தொரை கடுதாசி பிந்தக் கூடாதேன்னு நான் வாங்கியாந்தேன்" என்று பையை என் கையில் கொடுத்தான். முப்பது மைல் ஓடிவந்தவன், பக்கத்து வீட்டிலிருந்து வந்தவன்போல மூச்சு வாங்காமல் பேசினான். என் பதிலுக்குக்கூடக் காத்திராமல் லயத்துப் பக்கம் போய்விட்டான்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஓடைக்கரைக்கு இறங்கிப் போனேன். காலையில் பதிந்த அவன் தடங்கள் சேற்றில் அப்படியே இருந்தன. பக்கத்திலேயே மேலே வந்த தடங்கள். குனிந்து சாண் வைத்து அளந்தேன். காலையில் போன அடிக்கும் மாலையில் வந்த அடிக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம் இல்லை. நம்பாமல் அடுத்ததை அளந்தேன்; அதற்கடுத்ததையும் அளந்தேன். அதே நீளம், அதே ஆழம். நான் குறை என்று ஒதுக்கிய குதிங்கால்தான் ஒவ்வோர் அடியிலும் அவன் உடம்பைத் தாங்கி இளைப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறது. இத்தனை வருடமும் முதல் அடியை மட்டும் பார்த்து ஆளைச் சொல்லியிருக்கிறேன். கடைசி அடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கோயிலில் நிற்பதுபோல அந்தச் சேற்றில் வெகுநேரம் நின்றேன்.

அங்கிருந்து நேரே லயத்துக்குப் போனேன். அவன் அக்காவின் தலையை மடியில் வைத்துக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தான். "தபால் ஓட்டம் ஒனக்குத்தான். நாளையிலேருந்து ஒம்பேரு நம்ம தோட்டத்துல" என்றேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

அவள்தான் முழங்கையை ஊன்றி மெல்ல எழும்பினாள். "காலப் பாத்துச் சொல்லிப்புடுவீங்களாமே ஐயா. எந்தம்பி எத்தன வருசம் ஓடுவான்?"

"தெரியல தாயி." அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்குத் தெரியும். நான் இருக்குற வரைக்கும் ஓடுவான்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அவன் மடியில் சாய்ந்தாள்.

அவள் பிழைத்து எழுந்தாள். ஸ்டோரில் கோப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டு இன்னும் பதினொரு வருடம் இருந்தாள். பதினொரு வருடமும் அவன் ஓடினான். வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன நாளில்கூடப் பை பொழுதோடு வந்துவிடும். அவளைப் புதைத்த மறுநாள் தபால் நாள். விடிந்ததும் தோட்டத்துக் கந்தோருக்குப் போனேன். துவைத்து மடித்த பை வாசற்படியில் இருந்தது. அவனை யாரும் பார்க்கவில்லை. துரை தபால் கேட்டபோது, இன்றைக்கு ஆள் இல்லை என்றேன். புது ஆளைத் தேடச் சொன்னார். அந்த வாரம் முழுவதும் நான் யாரையும் தேடவில்லை.