தன்னை வெளியே பூட்டிக்கொண்டவர்

மலேசியாவின் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் காலை பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். நரைக்கத் தொடங்கிய தாடி, கழுத்தில் கம்பெனி அட்டை. நிமிஷத்துக்கொரு தரம் ஃபோனைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். பஸ் இரண்டு கரைகளுக்கும் இடையிலான கடல் பாலத்தின் நடுவில் அசையாமல் நின்றது.

"அவசரமா?" என்றேன்.

"பெர்மாஸ் ஜெயா வீட்டிலேர்ந்தே ஆபீஸ் நெட்வொர்க் ரவுட்டர் செட்டிங்ல ஒரு வரி மாத்தினேன் அண்ணே. நான் உள்ள போற வழியே அடைச்சிக்கிச்சு. இப்ப நேர்ல போய்த்தான் திறக்கணும்."

"அதுக்கு முன்ஜாக்கிரதை ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு லா. 'பத்து நிமிஷத்துல நான் தடுக்கலைன்னா பழையபடி ஆயிடு'ன்னு அதுக்கிட்ட சொல்லி வெச்சிட்டுத்தான் எதையும் மாத்துவோம். இன்னிக்கு மறந்துட்டேன்."

பின்னால் தெரிந்த ஜொகூர் கரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த வேலைக்கு வந்தப்பவும் அப்படி ஒண்ணு வைக்காமத்தான் வந்துட்டேன்."

வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'ரெண்டே வருஷம்' என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் நானும் முதன்முதலில் இந்தப் பாலத்தைக் கடந்தேன். அன்று அவள் இடுப்பில் இருந்த மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.